மலை உச்சியில் ஒரு கொப்பி

நவம்பர் 10, திங்கள்

இன்று நிப்பா மலையில் ஏறினேன். வைத்தியர் சொன்னபடியால். சீனி வருத்தம் வந்து பன்னிரண்டு வருடம். அவர் நடக்கச் சொல்லியும் பன்னிரண்டு வருடம். இன்றுதான் வசதிப்பட்டது.

நோர்வேயின் மேற்குக் கரையில் இந்த மாதத்தில் மழை பெய்கிறது என்று சொல்வது சரியில்லை. மழை இருக்கிறது, அவ்வளவுதான். எட்டரைக்கு விடிந்து நாலு மணிக்கு இருட்டுகிறது. இடையில் நனைவதற்கு ஏழரை மணித்தியாலம். மீன் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் போட்ட மஞ்சள் மழைச்சட்டையையும் றப்பர் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு போனேன். மலையின் உயரம் 412 மீட்டர். கடலிலிருந்து நேரே எழும்புவதால் எல்லா மீட்டரையும் நாங்களே ஏற வேண்டும். உச்சியிலிருந்து பதினேழு தீவுகள் தெரியும் என்று அங்கே ஒரு பலகை சொல்கிறது. பலகை தெரிந்தது.

உச்சியில் ஒரு கற்குவியல், அதற்குள் ஒரு தகரப்பெட்டி, பெட்டிக்குள் ஒரு கொப்பி. ஏறியவர்கள் பெயரும் திகதியும் எழுத வேண்டும். இது இந்த நாட்டு வழக்கம். வீதியில் கண்டால் மறுபக்கம் பார்க்கும் மனிதர் மலையில் கண்டால் வணக்கம் சொல்வார், கொப்பியில் கையெழுத்தும் வைப்பார்.

சும்மா புரட்டினேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கெங்காவின் பெயர் இருந்தது. தற்செயலாகத்தான் கண்டேன். பதினாறு ஞாயிறுகள். முப்பத்திரண்டு வருடம் என் பெயரைப் பின்னால் போட்டவள் இப்போது தகப்பன் பெயரைப் போடுகிறாள்: கெங்காதேவி நாகமுத்து. நாகமுத்து மாமாவுக்குக் கோவில் படி ஏறவே மூச்சு வாங்கும். அவர் செத்த பிறகு இந்த மலையில் பதினாறு தடவை ஏறியிருக்கிறார்.

கெங்கா என் மனைவி. போன ஜனவரியிலிருந்து மேல்வீதியில் தனி வீட்டில் இருக்கிறாள். வருகிற ஜனவரி 21ஆம் திகதியோடு பிரிவு எழுதி ஒரு வருடம் முடிகிறது. அதன் பிறகு அவள் விவாகரத்துப் படிவத்தை அனுப்பலாம். நான் மறிக்க முடியாது. இதையும் மலையையும் முடிச்சுப் போடத் தேவையில்லை. எனக்குச் சீனி வருத்தம்.

நவம்பர் 15, சனி

ஏறினேன். மழை, காற்று. கொப்பியில் பெயரை எழுதிவிட்டு அதற்குக் கீழே தமிழில் எழுதினேன்: "கெங்கா, சரக்குத்தூள் எந்தத் தட்டில் இருக்கிறது?"

தொலைபேசியை அவள் எடுப்பதில்லை. மகள் துஷானி ஒஸ்லோவில் இருக்கிறாள். எங்கள் இருவருக்கும் இடையில் செய்தி காவமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கொப்பி எல்லோருக்கும் பொது என்பது உண்மைதான். ஆனால் தமிழில் எழுதினால் இந்த மலையில் யாருக்கு விளங்கும்? எங்கள் ஊரில் நாற்பது தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. சங்கக் கூட்டத்தை மேல்மாடியில் வைத்தாலே அரைவாசிப் பேர் வரமாட்டார்கள். இரகசியம் எழுதுவதற்கு இதைவிட நல்ல இடம் உலகத்தில் இல்லை.

இறங்கும்போது இரண்டு தடவை விழுந்தேன்.

நவம்பர் 17, திங்கள்

பதில் வந்திருக்கிறது. "முடிஞ்சுது." அவளுடைய எழுத்துத்தான், "டி"க்கு விசிறி போடுகிற விதம் எனக்குத் தெரியும்.

பத்து மாதத்தில் எனக்குக் கிடைத்த முதல் சொல். அங்கேயே நின்று நாலைந்து தரம் வாசித்தேன். கொப்பி நனைந்துவிடும் என்றுதான் மூடினேன். தூள் இல்லாமல் கறி வைத்தேன். பரவாயில்லை.

நவம்பர் 22, சனி

இன்று கொப்பியில் அரைப் பக்கம் எழுதினேன். கடிதத்தைப் பற்றி.

அந்த விஷயத்தை இங்கேயும் எழுதி வைக்கிறேன். கெங்கா முதியோர் இல்லத்தில் தரை துடைக்கும் வேலை செய்துகொண்டே மொழிச் சோதனைகளை எல்லாம் எழுதி முடித்தாள். ஐம்பத்துமூன்று வயதில் நகரத்துத் தாதியர் கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டாள். நகரம் பஸ்ஸில் நாலு மணித்தியாலம். மூன்று வருடம் அங்கேயே தங்கிப் படிக்க வேண்டும். நாலு வருடத்துக்கு முன் இடம் கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. தபால் பெட்டியிலிருந்து எடுத்தவன் நான். கொடுக்க மறந்துவிட்டேன். அது சுடுதண்ணீர்த் தாங்கியின் உத்தரவாதக் கடதாசிகளோடு போய்ச் சேர்ந்துவிட்டது. போன ஜனவரியில் ஒரு நாள் அதை மேசையில் என் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு அவள் வெளிக்கிட்டுப் போய்விட்டாள்.

ஒரு மறதிக்கு இவ்வளவு தண்டனை கூட என்பது என் அபிப்பிராயம். அதைப் பணிவாக எழுதினேன்.

நவம்பர் 24, திங்கள்

யாரோ சிவப்பு மையால் என் எழுத்துப் பிழைகளைத் திருத்தியிருக்கிறார்கள். யாரோ என்ன, அவள்தான். மூன்று பிழை. திருத்துகிற மனுசி இன்னும் கைவிடவில்லை என்று அர்த்தம்.

அதற்குக் கீழே வேறு எழுத்தில்: "மல்லி, மிளகாய், சீரகம், மிளகு வறுத்து அரைக்கவும். கடைத்தூள் வாங்க வேண்டாம்." குளிரில் கை விறைத்தால் எழுத்து மாறத்தான் செய்யும். ஞாயிற்றுக்கிழமைப் பதிவில் வழக்கம்போல அவளுடைய பெயர் இருந்தது. பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இடம் போதாமல் இருந்திருக்கும்.

எனக்குச் சந்தோசம். இறங்கும்போது விழவில்லை.

நவம்பர் 29, சனி

எழுதிவிட்டு இறங்கும்போது பாதி மலையில் ஒரு கல்லின்மேல் தமிழ்ச் சங்கச் செயலாளர் சண்முகநாதன் இருந்தார். நூற்றுப் பத்துக் கிலோ. கலியாண வீட்டுச் சப்பாத்து. குடை மறுபக்கம் மடிந்திருந்தது.

"உங்களுக்கும் சீனியோ?" என்று கேட்டேன்.

"இல்லையண்ணை. பிறசர்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "இண்டைக்கு எழுதிப்போட்டீங்களோ?"

"என்னத்தை?"

"பேரை."

"ஓம்."

"பேர் மட்டுமோ?"

"கொஞ்சம் கூட."

அவர் குடையை அங்கேயே போட்டுவிட்டு எழும்பி ஏறத் தொடங்கினார். கீழே வரும் வழியில் தமிழ்ப் பள்ளி இராசநாயகம் ரீச்சரையும் கண்டேன். அடிவாரத்தில் நான் அறிந்த மூன்று கார்கள் நின்றன. எங்கள் சனத்துக்கு உடல்நலத்தில் இவ்வளவு அக்கறை வந்திருப்பது நல்ல விஷயம்.

இன்று எழுதியது: வீடு குளிர்கிறது, மறதி மனித இயல்பு, துஷானியை நினைத்துப் பார், இப்படி ஒரு பக்கம்.

டிசம்பர் 4, வியாழன்

புயல். எங்கள் கூரைத் தகடு ஒன்று அயலவர் வீட்டுக்குப் போய்விட்டது. அவர் கொண்டுவந்து தந்தார். தேத்தண்ணி குடிக்கச் சொன்னேன். இல்லை என்றார்.

டிசம்பர் 6, சனி

காய்ச்சல். ஏறவில்லை.

டிசம்பர் 9, செவ்வாய்

கொப்பிக்குப் பொறுப்பானவர் ஓட்வின் என்ற கிழவர். எழுபத்தெட்டு வயது, மழையில் தொப்பி போடாத மனிதர். உச்சியில் புதுக் கொப்பி வைத்துக்கொண்டிருந்தார். வழக்கமாக ஒரு கொப்பி ஒரு வருடத்துக்குப் போகுமாம். இந்த முறை மிச்சமிருந்த பாதி ஒரே மாதத்தில் முடிந்துவிட்டதாம். "உங்கள் ஆட்கள் நல்லாய் ஏறுகிறார்கள்" என்றார். பிறகு பழைய கொப்பியில் என் பக்கத்தைக் காட்டி, "இது என்ன?" என்று கேட்டார்.

"காலநிலை" என்றேன்.

அவர் ஒரு பக்கம் நிறைந்த காலநிலையை மரியாதையோடு பார்த்தார்.

டிசம்பர் 13, சனி

சங்கத்தின் ஒளிவிழா. போகாமல் விட்டிருக்கலாம்.

றோல்ஸ் வைத்திருந்த மேசைக்குப் பக்கத்தில் சண்முகநாதன் என் தோளில் கை வைத்தார். "ஏனண்ணை போன சனி எழுதேல்ல? சனம் தெப்பமா நனைஞ்சு ஏறிப்போட்டு வெறுங்கையோட வந்தது."

"என்ன சனம்?"

"எல்லாரும்தான். ஒராள் ஏறிப் படம் எடுத்துக் குறூப்பில போடுறது. முதல் முதல் நவம்பரில ரீச்சர்தான் கண்டவ. இப்ப லண்டன், கனடா எல்லாம் போகுது. ஸ்காபரோவில இருந்து என்ர மச்சாள் கேக்கிறா, கெங்கா பதில் போட்டவவோ எண்டு."

ரீச்சர் பக்கத்தில்தான் நின்றார். "பிழை திருத்தினது நான்தான். குறை நினைக்காதேங்கோ. பிள்ளையளும் வாசிக்கினம்."

"தூள்?"

"அது நான்" என்றார் சண்முகநாதனின் மனைவி. "வறுத்தனீங்களோ?"

வறுத்தேன் என்று சொன்னேன். உண்மைதான்.

ஆண்கள் எல்லோரும் என்னைப் பாவம் என்றார்கள். ஒரு கடிதத்தை மறந்ததற்கு இப்படியுமா என்றார்கள். பெண்கள் கொண்டுவந்த றோல்ஸ் தட்டு எனக்கு முன்னால் நிற்காமல் போய்விட்டது. நான் வீட்டுக்கு வந்து பழைய கொப்பியை நினைத்துப் பார்த்தேன். அதில் கெங்கா எழுதியது ஒரே ஒரு சொல். மிச்சம் முழுதும் ஊர் எழுதியது. ஒரு மாதமாக நான் சந்தோசமாக இருந்தேன். அது இல்லாத ஒன்றுக்காக. வெட்கமாக இருக்கிறது.

டிசம்பர் 14, ஞாயிறு

ஏறவில்லை.

டிசம்பர் 20, சனி

ஏறவில்லை. மழை நின்றிருந்தது. அதுவும் சரிப்படவில்லை.

டிசம்பர் 26, வெள்ளி

துஷானி வந்திருக்கிறாள். நேற்றுத் தாயோடு, இன்று என்னோடு. இப்படிப் பங்கு போடப் பழகிவிட்டாள். நான் வைத்த கறியைச் சாப்பிட்டுவிட்டுத் தூள் நல்லாயிருக்கு என்றாள்.

"அம்மாவும் எல்லாத்தையும் வாசிச்சவ, அப்பா."

"என்ன சொன்னவ?"

"முதல் சிரிச்சவ. பிறகு சொன்னா, ரீச்சர் சின்னப் பிழையளைத் திருத்தியிருக்கிறா, பெரிய பிழை அப்படியே கிடக்குது எண்டு."

"எந்தப் பிழை?"

துஷானி என்னைப் பார்த்தாள். அவளுக்கு முப்பது வயது. தாயின் கண். "அப்பா, நீங்கள் இருபத்தெட்டு வருசம் மீன் பெட்டியில லேபிள் ஒட்டினனீங்கள். ஒரு லேபிள் மாறினதில்லை எண்டு சொல்லிச் சொல்லித்தான் என்னை வளர்த்தனீங்கள். கடிதத்தை மறந்தனீங்களோ?"

கோப்பைகளைக் கழுவினேன்.

ஜனவரி 5, திங்கள்

தபாலில் கெங்காவின் பெயருக்கு ஒரு கடிதம். அரசாங்க முத்திரை. மூன்றரைக்குத் துஷானி தொலைபேசி எடுத்தாள். "அம்மா விவாகரத்துப் படிவம் கேட்டு எழுதினவ. பழைய விலாசத்தைக் குடுத்திட்டா போல. அங்க வந்ததோ?"

"பார்க்கிறேன்" என்றேன். பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

குளிர்ப்பெட்டிக்கு மேலே வைத்திருக்கிறேன். பத்திரமான இடம்.

ஜனவரி 7, புதன்

அந்தக் கடிதம் மேசை லாச்சிக்குள் இருக்கிறது. எப்படிப் போனது என்று தெரியவில்லை. வீட்டில் இருப்பது நான் ஒருவன்.

ஜனவரி 8, வியாழன்

லாச்சிக்குள்ளும் இப்போது அது மின்சாரக் கட்டணக் கடதாசிகளுக்குக் கீழே கிடக்கிறது. இதை எழுதும்போது எனக்கு என் கையைப் பார்க்கப் பயமாக இருக்கிறது. நாலு வருடத்துக்கு முன்னும் இப்படித்தான். முதலில் குளிர்ப்பெட்டிக்கு மேலே, பிறகு லாச்சி, பிறகு கீழே. ஒவ்வொரு நாளும் கொஞ்சம். ஒரு நாளில் செய்திருந்தால் ஒளித்தேன் என்று எனக்கே தெரிந்திருக்கும்.

ஜனவரி 10, சனி

கடிதத்தை எடுத்து மீன் பொதி செய்யும் பிளாஸ்ரிக் பையில் போட்டு, இரண்டு பக்கமும் ஒட்டி, மேசை நடுவில் வைத்துவிட்டு மலைக்குப் போனேன். மழையோடு ஆலங்கட்டி. மேலே ஏற ஏறப் பாதையில் தண்ணீர் என்னை எதிர்த்து இறங்கிக்கொண்டிருந்தது.

உச்சியில் இராசநாயகம் ரீச்சரும் சண்முகநாதனும் கற்குவியலுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி நின்றார்கள். ஒரு மாதமாக ஒவ்வொரு சனியும் வந்து பார்க்கிறார்களாம். விசுவாசமான சனம். சண்முகநாதன் கொப்பிக்கு மேலே குடை பிடித்தார், புதுக் குடை. அவர்கள் போகட்டும் என்று முதலில் நினைத்தேன். பிறகு அவர்கள் நிற்கும்போதே எழுதினால்தான் அது எழுதியதாக இருக்கும் என்று பட்டது.

எழுதியது இவ்வளவுதான்:

"கெங்கா, நான் மறக்கவில்லை. கடிதம் வந்த அன்றே உடைத்து வாசித்தேன். எனக்கு முழுதும் விளங்கியது. நீ போனால் திரும்பி வரமாட்டாய் என்று பயந்தேன். அதனால் ஒளித்தேன். கொப்பியில் முன்பு எழுதியதெல்லாம் பொய். தர்மகுலசிங்கம்."

ரீச்சர் வாசித்தார். கையில் சிவப்புப் பேனை இருந்தது. மூடியைக் கழற்றவில்லை. சண்முகநாதன் தொலைபேசியைப் பொக்கற்றிலிருந்து எடுக்காமலே, "இதைப் படம் எடுக்கட்டோ அண்ணை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"மற்றதை எல்லாம் கேட்டோ எடுத்தனீர்?" என்றேன். "எடும்."

ஜனவரி 11, ஞாயிறு

கெங்கா தன்னோடு வேலை செய்யும் இரண்டு நோர்வேப் பெண்களோடு ஏறுகிறவள். நான் முந்தி ஏறி உச்சியில் நின்றேன். அவர்கள் மேகத்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக வந்தார்கள். அவள் சிவப்பு மழைச்சட்டையும் இரண்டு ஊன்றுதடியும். வீட்டில் ஒரு நாளும் அவ்வளவு நிமிர்ந்து நின்றதை நான் கண்டதில்லை. அல்லது கவனித்ததில்லை. மற்ற இருவரும் என்னைப் பார்த்து வணக்கம் சொல்லிவிட்டு, கோப்பிக் குடுவையோடு தூரப் போய் இருந்தார்கள்.

"உனக்குக் கடிதம்" என்று பையை நீட்டினேன்.

"எப்ப வந்தது?"

"திங்கட்கிழமை."

"இண்டைக்கு ஞாயிறு."

"ஓம். ஆறு நாள் வைச்சிருந்தனான்."

அவள் பையைத் துடைத்துச் சட்டைக்குள் வைத்தாள். கொப்பியை எடுத்து நான் நேற்று எழுதியதை வாசித்தாள். மூடிப் பெட்டிக்குள் வைத்துக் கல்லையும் சரியாக வைத்தாள்.

"அந்தக் கடிதத்தை, வந்த கிழமையே நான் கண்டிட்டன்" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"சுடுதண்ணித் தாங்கி ஒழுகினதெல்லே. கடதாசி தேடேக்க கண்டனான். வாசிச்சிட்டுத் திரும்ப அதே இடத்தில வைச்சனான்."

"அப்ப ஏன் கேக்கேல்ல?"

"தருவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

மழை சட்டையின் தலைமூடியில் விழும் சத்தம் பெரிதாகக் கேட்டது. அவள் குரலைக் கூட்டவில்லை.

"எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். போகாதது என்ர பிழை. அதுக்கு உங்களைச் சாட்டேல்ல. ஆனா மூண்டு வருசமா, நினைச்ச நேரம் எல்லாம், தேத்தண்ணி குடிக்கேக்க என்ர முகத்தைப் பாத்துக் கேட்டனீங்கள், 'கல்லூரியில இருந்து ஒண்டும் வரேல்லையோ' எண்டு. நானும் இல்லை எண்டனான். ஒரு நாள் கேக்கிறதை விட்டிட்டுத் தருவியள் எண்டு நினைச்சன். நான் வெளிக்கிட்டது அதுக்குத்தான். கடிதத்துக்கில்லை."

இதை நான் கொப்பியிலும் எழுதவில்லை, இந்த நாட்குறிப்பிலும் எழுதவில்லை. கேட்டது உண்மை. கேட்டுக்கொண்டிருந்தால் சந்தேகம் வராது என்று நினைத்தேன். கெட்டித்தனமான யோசனை என்றுகூட நினைத்தேன். அவள் எனக்கு முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டு, இல்லை என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"மன்னிச்சுக்கொள்" என்றேன். முப்பத்திரண்டு வருடத்தில் அந்தச் சொல்லை அவளிடம் சொன்னதாக ஞாபகம் இல்லை.

"கேட்டிட்டன்" என்றாள்.

"படிவம்?"

"இருவத்தோராம் திகதி போடுவன்."

என் முகத்தில் இருந்தது மழை மட்டுமில்லை. பிறகு மழை என்று நான் சொல்லக்கூடும். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அவள் என் காலைப் பார்த்தாள். "இந்தச் சப்பாத்தோடயோ இவ்வளவு நாளும் ஏறினனீங்கள்? உங்களுக்கென்ன விசரே." ஊன்றுதடிகளில் ஒன்றை என்னிடம் தந்துவிட்டு மற்றப் பெண்களோடு இறங்கிப் போனாள்.

ஜனவரி 12, திங்கள்

சண்முகநாதன் வந்தார். குறூப்பில் படம் போடவில்லையாம். ஏன் என்று கேட்டேன். மனைவி வேண்டாம் என்று சொல்லிவிட்டாவாம். ஒரு பேணி நிறையச் சரக்குத்தூள் தந்துவிட்டுப் போனார்.

ஜனவரி 18, ஞாயிறு

ஏறவில்லை. அவள் ஏறும் நாள். கூப்பிடாமல் போகக் கூடாது.

ஜனவரி 21, புதன்

காலையிலிருந்து மழை. பன்னிரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது. அவளுடைய இலக்கம். ஒரு வருடத்தில் முதல் தடவை.

"போட்டிட்டன்" என்றாள். "இப்பதான். தபால் பெட்டிக்குப் பக்கத்தில நிண்டுதான் கதைக்கிறன். ஆரும் சொல்லி நீங்கள் அறியக் கூடாது எண்டு எடுத்தனான்."

"சரி" என்றேன். சரியில்லை.

அவள் வைக்கவில்லை. ஒரு லொறி போகும் சத்தம் கேட்டது.

"ஞாயிறு பதினொண்டுக்கு ஏறுறன். என்னோட ஏறுற அவை ரெண்டு பேருக்கும் வேலை. வாறதெண்டால் வாங்கோ." பிறகு சொன்னாள், "எனக்கு முன்னால நடக்கக் கூடாது."

"நடக்கமாட்டன்."

தொலைபேசியை வைத்த பிறகு குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். நல்லாய் அழுதேன். என் மனைவி போய்விட்டாள். அது இன்று உறுதியாகிவிட்டது. பிறகு எழும்பி முகம் கழுவி, பஸ் எடுத்துக் கடைக்குப் போய், வழுக்காத சப்பாத்து ஒன்று வாங்கினேன். கடைக்காரப் பெண் ஈரத்தில் நடக்கவா என்று கேட்டாள். ஓம் என்றேன்.

பதினொன்றுக்கு என்று சொன்னாள். நான் பத்தரைக்கே அடிவாரத்தில் போய் நிற்பேன்.